ஆறு ஜிபி எங்கே இருந்தது? ஒரு மாதக் கடைசி சர்வர் முடக்கத்தின் நிகழ்வு ஆய்வு

டிக்கெட்டின் தலைப்பிலேயே தப்பு இருந்தது: ‘விர்ச்சுவல் மெமரி பத்தவில்லை, ஸ்வாப் போட வேண்டும்’. ஸ்வாப் என்பது ரேமில் இடம் போதாதபோது பயன்படுத்த டிஸ்க்கில் ஒதுக்கும் இடம். விர்ச்சுவல் மெமரி, அதாவது மெய்நிகர் நினைவகம், வேறு விஷயம். டிக்கெட் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். பாதிக் கணினி உலகம் அப்படித்தான் பேசுகிறது. ஆனால் அந்த ஒரு வரியை நம்பி நாங்கள் எடுத்த முடிவு வினையாகப் போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் விழுந்து எழுந்த சர்வர், அடுத்த மாதம் முக்கால் மணி நேரம் சாகவும் இல்லாமல் பிழைக்கவும் இல்லாமல் கிடந்தது. ‘சரி, போடு’ என்று போனில் சொன்னவன் நான்தான். அதனால் இதை எழுதும் கடமையும் என்னுடையது.

இடம் ஒரு மொத்த வியாபார நிறுவனம். பெயர் வேண்டாம். பில் போடுவது, சரக்கு இருப்பு, மாதக் கடைசி ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் வாடகைக்கு எடுத்த ஒரே கிளவுட் சர்வரில் ஓடுகின்றன. 2 கோர், 4 ஜிபி ரேம், லினக்ஸ். அதில் ஜாவாவில் எழுதிய பில்லிங் மென்பொருள் ஒன்றும் அதன் பக்கத்திலேயே மரியாடிபி தரவுத்தளமும் இருந்தன. ஸ்வாப் கிடையாது. கிளவுட்டில் எடுக்கும் லினக்ஸ் சர்வர்கள் பல அப்படித்தான் வரும். யாரும் கவனிப்பதில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

முதல் மாதம்

மாதக் கடைசி நாள், காலை பதினொரு மணி. கணக்குப் பிரிவில் மூன்று பேர் ஒரே நேரத்தில் மாதாந்திர அறிக்கையை எடுத்தார்கள். திரை உறைந்தது. மூன்று நான்கு நிமிடம் யாருக்கும் பில் போடவில்லை. அப்புறம் பில்லிங் மென்பொருள் செத்து, லினக்ஸில் சேவைகளைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி அதைத் தானே மறுபடி எழுப்பியது. மொத்தம் ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் எழுதும் லாகில் தடயம் இருந்தது. நினைவகம் தீர்ந்துபோய் ஜாவா புராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை) கொன்றதாகக் கெர்னல் எழுதியிருந்த அந்த வரியில் இரண்டு எண்கள். ‘டோட்டல்-விஎம்’ 63,89,760 கேபி. அதற்குப் பக்கத்தில் ‘அனான்-ஆர்எஸ்எஸ்’ 22,52,800 கேபி. முதலாவது ஏறத்தாழ 6.1 ஜிபி, இரண்டாவது 2.15 ஜிபி.

அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி எனக்குப் போன் செய்தார். “அண்ணா, விர்ச்சுவல் மெமரி 6.1 ஜிபி போயிருக்கு. நம்ம ரேம் 4. மீதி 2 ஜிபிக்கு இடம் இல்லாமத்தான் செத்திருக்கு. 8 ஜிபி ஸ்வாப் போட்டுட்டா மாதக் கடைசிக்குக் கவலையே இல்லை.”

நான் ரயிலில் இருந்தேன். கணக்கு சரியாக வருவதுபோலத்தான் காதில் விழுந்தது. ஆறிலிருந்து நாலைக் கழித்தால் இரண்டு. சரி, போடு என்றேன்.

நின்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அந்தச் சர்வரில் அன்றைக்கு ஸ்வாப்பே இல்லை. ரேம் 4 ஜிபி, அதிலும் மரியாடிபிக்கு ஒரு பங்கு. அப்படியானால் கொல்லப்படும் நொடிவரை ஜாவா வைத்திருந்த அந்த 6.1 ஜிபி எங்கே இருந்தது? ரேமில் இருக்க முடியாது. ஸ்வாப்பில் இருக்க ஸ்வாப் இல்லை.

பெரும்பகுதி எங்கேயும் இல்லை என்பதுதான் பதில்.

அந்த எண் எதைக் கணக்கிடுகிறது

ஒவ்வொரு புராசஸுக்கும் கெர்னல் ஒரு தனி முகவரி வெளியைக் கொடுக்கிறது. மெய்நிகர் நினைவகம் என்பது இந்த ஏற்பாடுதான். 64 பிட் இன்டெல், ஏஎம்டி சிப்களில் லினக்ஸ் வழக்கமாக ஒரு புராசஸுக்கு விடும் எல்லை 128 டிபி. சர்வரில் இருப்பதோ 4 ஜிபி. இதில் முரண்பாடு எதுவும் இல்லை, ஏனென்றால் அந்த 128 டிபியும் வெறும் எண்கள். புராசஸ் ஒரு முகவரியைத் தொடும்போது, அது ரேமில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று பக்க அட்டவணையைப் பார்த்துச் சிப்பே மாற்றிக்கொள்கிறது. இந்த மாற்றம் 4 கேபி அளவுள்ள ‘பக்கம்’ பக்கமாக நடக்கும். அட்டவணையில் இன்னும் பதிவில்லாத பக்கத்தைத் தொட்டால் சிப் கெர்னலைக் கூப்பிடும். அதற்குப் பெயர் பேஜ் ஃபால்ட். பெயரில் ஃபால்ட் இருந்தாலும் அது குற்றமோ கோளாறோ அல்ல. ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் நடக்கும் சாதாரண வேலை.

ஆக, ஒரு புராசஸுக்கு ‘உரியது’ என்று கணக்கில் எழுதியிருக்கும் பக்கம் நாலு நிலைகளில் ஏதாவது ஒன்றில் இருக்கலாம். கேட்டு வாங்கியது, ஆனால் இதுவரை தொடவே இல்லை; அப்படியானால் அது எங்கேயும் இல்லை, ஒரு வாக்குறுதி மட்டும். தொட்டது, ரேமில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கோப்பின் பகுதி, அதாவது மென்பொருளின் கோட், ஜார் கோப்பு போன்றவை; ரேமில் இல்லாவிட்டால் அந்தக் கோப்பிலேயே டிஸ்க்கில் இருக்கிறது. கடைசியாக, புராசஸ் தானே எழுதியது, கோப்பு எதற்கும் சொந்தமில்லாதது, ரேமில் இடம் போதாததால் டிஸ்க்கில் ஒதுக்கிய ஒரு மூலைக்கு வெளியேற்றப்பட்டது. இந்தக் கடைசி நிலைக்கு மட்டும்தான் ஸ்வாப். நாலில் ஒன்று.

ஓடும் புராசஸ்களைப் பட்டியலிடும் ‘டாப்’ கட்டளையில் விர்ட் என்ற பத்தி இந்த நாலையும் சேர்த்துக் கூட்டுகிறது. லாகில் இருந்த டோட்டல்-விஎம் இதுதான். ரெஸ் என்ற பத்தி இரண்டாவது நிலையையும், மூன்றாவதில் தற்போது ரேமில் இருப்பதையும் காட்டுகிறது. லாகின் அனான்-ஆர்எஸ்எஸ் இரண்டாவது நிலை மட்டும். தம்பி செய்தது விர்ட்டிலிருந்து ரேமைக் கழித்து, மிச்சம் ஸ்வாப் என்று எடுத்துக்கொண்டதுதான். அந்தக் கழித்தலுக்கு அர்த்தமே கிடையாது.

எங்கள் 6.1 ஜிபியைப் பின்னால் பிரித்துப் பார்த்தேன். ஜாவா தன் பொருள்களை வைக்கும் ஹீப்பின் உச்சவரம்பு 3 ஜிபி என்று அமைத்திருந்தார்கள். அது முழுவதும் முதல் நொடியிலேயே முகவரியாக ஒதுக்கப்பட்டுவிடும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். கிளாஸ் விவரங்களுக்கு ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் மென்பொருள்) தானாகவே 1 ஜிபி முகவரியைப் பிடித்து வைக்கும். அதில் உண்மையில் நிரம்பியிருந்தது நூறு எம்பிக்கும் குறைவு. கோட் கேஷுக்கு 240 எம்பி. சுமார் 200 த்ரெட் (ஒரே புராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகள்), ஆளுக்கு 1 எம்பி ஸ்டாக். அப்புறம் ஒரு வேடிக்கை: லினக்ஸின் சி நூலகம், த்ரெட்கள் ஒன்றுக்கொன்று இடிக்காமல் நினைவகம் எடுக்க, 64 எம்பி முகவரித் துண்டுகளைத் தனித்தனியாகப் பிடிக்கும். 64 பிட்டில் ஒரு கோருக்கு 8 வரை. எங்கள் 2 கோருக்கு 16 துண்டு, அதுவே 1 ஜிபி. மிச்சம் நூலகங்களும் ஜார் கோப்புகளும். இதில் பெரும்பகுதி தொடப்படாத காலி நிலம்.

பந்தி வைத்துச் சொன்னால் அந்தத் தம்பிக்கு உடனே பிடிபட்டது. ஆயிரம் பத்திரிகை அடித்தோம் என்பது விர்ட். இப்போது இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ரெஸ். மண்டபத்தில் இருநூற்றைம்பது இலைதான் விழும் என்று தெரிந்தேதான் ஆயிரம் பத்திரிகை அடிக்கிறோம், ஏனென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதில்லை. கெர்னலும் அதே தைரியத்தில்தான் இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுக்கிறது. ஸ்வாப் என்பது? பாதிச் சாப்பாட்டில் ஒருவரை எழுப்பி, இலையோடு கொண்டுபோய் வெளியே திண்ணையில் உட்கார வைப்பது. சாப்பிட்டு முடித்துக் கதை பேசிக்கொண்டிருப்பவரை எழுப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பவரை எழுப்பினால் ரகளை.

இரண்டாம் மாதம்

8 ஜிபிக்கு ஸ்வாப் கோப்பு உருவாக்கி, இயக்கி, ‘ஃப்ரீ’ கட்டளையில் மொத்தம் 12 ஜிபி காட்டுவதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார் தம்பி. அந்த மாதம் முழுக்க அமைதி. மாதக் கடைசி வந்தது. அதே மூன்று பேர், அதே அறிக்கை.

இந்தத் தடவை எதுவும் சாகவில்லை. அதுதான் பிரச்சினை. பதினொன்றேகாலுக்கு எனக்குப் போன். உள்ளே நுழையக் கடவுச்சொல் தட்டி, கட்டளை வரி வருவதற்கே இரண்டு நிமிடத்துக்கு மேல். நினைவகப் போக்குவரத்தைக் காட்டும் ‘விஎம்ஸ்டாட்’ கட்டளையை ஓடவிட்டேன். ஒவ்வொரு வரியாக, மூச்சுத் திணறுபவர் பேசுவதுபோல வந்தது. எஸ்ஐ பத்தியில் ஏழாயிரத்துச் சொச்சம், எஸ்ஓ பத்தியில் ஐயாயிரத்தை ஒட்டி. முதலாவது ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு உள்ளே வருவது, இரண்டாவது ரேமிலிருந்து வெளியே போவது. வினாடிக்கு இத்தனை கேபி. சிப் எண்பது விழுக்காட்டுக்கு மேல் டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருந்தது. லோடு, அதாவது ஓடிக்கொண்டும் காத்துக்கொண்டும் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை, 40ஐத் தாண்டியது. இரண்டு கோருக்கு நாற்பது!

உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இப்போது வெளியே தள்ளிய பக்கமே அடுத்த நொடி வேண்டியிருக்கிறது. அதைக் கொண்டுவர இன்னொன்றைத் தள்ள வேண்டியிருக்கிறது. அதுவும் அடுத்த நொடி வேண்டியிருக்கிறது. த்ராஷிங் என்று பெயர். 1968இல் பீட்டர் டென்னிங் இதை அலசி, ஒரு புரோகிராம் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பத் திரும்பத் தொடும் பக்கங்களின் கூட்டத்துக்கு ‘வொர்க்கிங் செட்’ என்று பெயர் வைத்தார். ஓடிக்கொண்டிருப்பவற்றின் அந்தக் கூட்டங்கள் மொத்தமாக ரேமில் அடங்கினால் எல்லாம் சுகம். அடங்காவிட்டால் எத்தனை ஜிபி ஸ்வாப் இருந்தாலும் ஓட்டம் டிஸ்க்கின் வேகத்துக்கு இறங்கிவிடும்.

அந்த வேகம் என்ன என்பதற்குச் சின்னக் கணக்கு. எங்கள் வாடகை டிஸ்க்குக்கு வினாடிக்கு 3,000 படிப்பு–எழுத்து என்று வரம்பு. பக்கங்கள் சிதறிக் கிடந்து 4 கேபி 4 கேபியாகப் போனால், வினாடிக்கு 12 எம்பி. 1 ஜிபியில் இருப்பது 2,62,144 பக்கம். ஆக 1 ஜிபியை ஒரு தடவை உள்ளே கொண்டுவரவே ஒன்றரை நிமிடம். வேறு மென்பொருளாக இருந்தால் ஓரளவு தப்பித்திருக்கும். ஜாவாவுக்கு ஒரு கெட்ட நேரம்: அதன் குப்பை சேகரிப்பான் உயிரோடு இருக்கும் பொருள்களையெல்லாம் தேடி ஹீப் முழுக்க நடக்கும். மாதக்கணக்கில் யாரும் தொடாமல் ஸ்வாப்பில் தூங்கும் பக்கத்தையும் எழுப்பி எட்டிப் பார்க்கும். ஹீப் நிரம்ப நிரம்ப அது அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு நடையும் நிமிடக் கணக்கில்.

முதல் மாதம் கெர்னல் ஒரு புராசஸைக் கொன்று மற்றவற்றைக் காப்பாற்றியது. கொல்வது கொடுமைதான், ஆனால் சீக்கிரம் முடிந்தது. இரண்டாம் மாதம் நாங்கள் கொடுத்த 8 ஜிபி காலி இடத்தைப் பார்த்து, ‘இன்னும் இடம் இருக்கிறதே’ என்று அது யாரையும் கொல்லவில்லை. பில்லிங், தரவுத்தளம், உள்ளே நுழையும் கதவு எல்லாம் சேர்ந்து நின்றன. கடைசியில் நானே ஜாவாவைக் கையால் கொன்றேன். அந்த ஒரு கட்டளையைத் தட்டி அது நிறைவேற நாலு நிமிடம் ஆனது.

ஸ்வாப்பை நிறுத்திப் பார்த்தபோது

இதற்குப் பிறகு அலுவலகத்தில் மனநிலை எதிர்த்திசைக்குத் திரும்பியது. ஸ்வாப்தான் வில்லன், எடுத்துவிடு. அன்றைக்குச் சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு ‘ஸ்வாப்ஆஃப்’ கொடுத்தோம். அது கொடுத்ததும் முடியும் கட்டளை அல்ல. வெளியே இருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் ரேமுக்குத் திருப்பிக் கொண்டுவந்த பிறகுதான் முடியும். ரேமில் இடமில்லாவிட்டால் தோற்றுப்போகும். காத்திருந்தோம்.

அந்த நேரத்தில்தான் தம்பியிடம் டாப் திரையைக் காட்டி, “ஸ்வாப் போனதும் விர்ட் எவ்வளவு குறையும், சொல்லு” என்றேன். “போட்டது 8 ஜிபி. எடுத்தா ரேம் அளவுக்கு, நாலுக்கு வந்துடும்ணா,” என்றார். ஸ்வாப் மொத்தம் சுழியமானது. விர்ட் 6.1 என்றே நின்றது. ஒரு துளிகூட அசையவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப விர்ச்சுவல் மெமரியும் ஸ்வாப்பும் ஒன்னு இல்லையா?”

அவருக்காக என் மடிக்கணினியில் பத்து வரியில் ஒரு சி புரோகிராம் எழுதினேன். ரேம் 8 ஜிபி, ஸ்வாப் அணைத்தாயிற்று. முதலில், நினைவகம் கேட்டு வாங்கும் மாலக் என்ற சி செயற்கூறு மூலம் 4 ஜிபி கேட்டுவிட்டுச் சும்மா நிற்கும். விர்ட் 4 ஜிபிக்கு எகிறியது. ரெஸ் ஒன்றரை எம்பியைத் தாண்டவில்லை. என்டர் தட்டினால் முதல் 1 ஜிபியில் ஒவ்வொரு 4 கேபிக்கும் ஒரே ஒரு பைட் எழுதும். தட்டியதும் ரெஸ் 1 ஜிபி ஆனது, விர்ட் அப்படியே. எழுதியது மொத்தம் இரண்டரை லட்சம் பைட்தான், கால் எம்பி. ஆனால் பக்கத்தின் ஓரத்தைத் தொட்டாலும் முழுப் பக்கத்துக்கும் ரேம் கொடுத்தாக வேண்டும். ஒரு மணி நேரம் வாயால் விளக்கியதைவிட அந்த இரண்டு என்டர் அதிகம் சொல்லின. யாருக்காவது இதைச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் வரைபடம் வேண்டாம், இதைச் செய்து காட்டுங்கள்.

ஸ்வாப் வில்லன் என்ற கட்சியும் தப்பு என்பதற்கு முதல் மாதமே சாட்சி. ஸ்வாப்பே இல்லாத அன்றும் சாவதற்கு முன் மூன்று நான்கு நிமிடம் திரை உறைந்ததே, அப்போது டிஸ்க் என்ன செய்துகொண்டிருந்தது? கண்காணிப்பு வரைபடத்தைப் பின்னோக்கிப் பார்த்தால் டிஸ்க் படிப்பு உச்சத்தில் இருந்திருக்கிறது. ரேம் நெருக்கடியில், ஸ்வாப் இல்லாத கெர்னலால் புராசஸ்கள் எழுதிய பக்கங்களை எங்கும் அனுப்ப முடியாது. அனுப்ப முடிந்தது கோப்புகளின் பக்கங்களை மட்டும்: ஜாவாவின் கோட், மரியாடிபியின் கோட், சி நூலகம். அவற்றைத் தூக்கி எறிந்தால் நஷ்டமில்லை, அசல் டிஸ்க்கில் இருக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கோடையே எறிந்தால் அடுத்த நொடி மறுபடி படிக்க வேண்டும். அதுவும் த்ராஷிங்தான், ஸ்வாப் இல்லாத த்ராஷிங். கோப்பிலிருந்து பக்கத்தைக் கொண்டுவருவதும் மெய்நிகர் நினைவகத்தின் வேலைதான். அதற்கும் ஸ்வாப்புக்கும் சம்பந்தமில்லை.

குழப்பம் எங்கிருந்து வந்தது

தம்பி விண்டோஸில் வளர்ந்தவர். அங்கே கணினியின் செயல்திறன் அமைப்புகளுக்குள் ‘விர்ச்சுவல் மெமரி’ என்று ஒரு பெட்டி உண்டு. உள்ளே போனால் கேட்பது ஒரே விஷயம்: பேஜ் ஃபைல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். அதாவது ஸ்வாப்பின் அளவு. பல ஆண்டுகளாக அந்தப் பெட்டியைப் பார்த்தவர் இரண்டையும் ஒன்று என்று நினைக்காமல் வேறு எப்படி நினைப்பார்? விண்டோஸ் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் போலக் கணக்கில்லாமல் வாக்குக் கொடுக்க அதற்கு மனம் வராது. புராசஸ்களுக்கு உறுதி கொடுத்த நினைவகத்தின் மொத்தம், ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் பேஜ் ஃபைலைப் பெரிதாக்கினால் கொடுக்கக்கூடிய வாக்கின் அளவும் நிஜமாகவே கூடும். பெட்டியின் பெயர் பாதி சரி. பாதி சரியான பெயர்தான் முழுத் தப்பான பெயரைவிட ஆபத்து.

2022இல் ஆப்பிள் ஐபேடுக்கு இந்த வசதியைக் கொண்டுவந்தபோது ‘விர்ச்சுவல் மெமரி ஸ்வாப்’ என்று இரண்டு பெயரையும் ஒட்டியே விளம்பரம் செய்தது. ஐபேடில் மெய்நிகர் நினைவகம் முதல் நாளிலிருந்தே உண்டு. புதிதாக வந்தது ஸ்வாப் மட்டும்.

இன்னும் பின்னால் போனால் இரண்டும் ஒட்டிப் பிறந்ததற்கு உண்மையான காரணம் கிடைக்கிறது. 1962இல் மான்செஸ்டரில் டாம் கில்பர்ன் குழு ஓட்டிக் காட்டிய அட்லஸ் கணினியில் வேகமான கோர் நினைவகம் 16,384 சொல், மெதுவான காந்த உருளை 98,304 சொல். எது எங்கே இருக்கிறது என்று புரோகிராம் எழுதுபவர் கவலைப்படாமல், இரண்டையும் ஒரே பரப்பாகப் பார்க்க வைப்பதுதான் அவர்கள் நோக்கம். 512 சொல் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, தேவையானதை உருளையிலிருந்து கோருக்கு இயந்திரமே கொண்டுவந்தது. ஆக மெய்நிகர் நினைவகம் பிறந்ததே சின்ன நினைவகத்தைப் பெரிதாகக் காட்டத்தான். இன்றைக்கு அதன் முதல் வேலை அது அல்ல. ஒரு புராசஸ் இன்னொன்றின் நினைவகத்தைத் தொடாமல் தடுப்பது, ஒரே நூலகத்தை ஐம்பது புராசஸ் பகிர்ந்துகொள்ள விடுவது, கோப்பை நினைவகம்போலக் காட்டுவது என்று அதன் குடும்பம் பெருகிவிட்டது. டிஸ்க்கைத் துணைக்கு அழைப்பது அதில் ஒரு பிள்ளை மட்டும்.

மறுபக்கம், ஸ்வாப்புக்கு மெய்நிகர் நினைவகம் வேண்டும் என்றும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் எம்ஐடியில் ஓடிய சிடிஎஸ்எஸ், பக்க அட்டவணை எதுவும் இல்லாமலே, ஒருவருடைய புரோகிராமை வெளியே எழுதிவிட்டு அடுத்தவருடையதை உள்ளே கொண்டுவந்து பலரையும் ஒரே இயந்திரத்தில் வேலை செய்ய விட்டது. அதுதான் ‘ஸ்வாப்’, மாற்றிப்போடுதல் என்ற சொல்லின் நேர்ப்பொருள். ஒன்று இல்லாமல் மற்றது இருந்திருக்கிறது, இருக்கிறது.

இடையில் ஒரு துணுக்கு. லினக்ஸ் கெர்னல் கோப்பின் பெயர் ‘விஎம்லினக்ஸ்’ என்று தொடங்குமே, அந்த விஎம் மெய்நிகர் நினைவகம்தான். 1979இல் பெர்க்லியில் வேக்ஸ் கணினிக்கான யூனிக்ஸில் இந்த வசதியைச் சேர்த்தபோது, கெர்னல் கோப்பின் பெயரை ‘விஎம்யூனிக்ஸ்’ என்று மாற்றிப் பெருமையாக ஒட்டிக்கொண்டார்கள். அந்த ஒட்டு இன்னும் உரியவில்லை.

சரி செய்தது

நோய் தெரிந்த பிறகு மருந்து சின்னது. இரண்டு அமைப்புக் கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஜாவா ஹீப் உச்சவரம்பு 3 ஜிபி. மரியாடிபி தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் பஃபர் பூல் 2 ஜிபி. 4 ஜிபி சர்வரில் இரண்டு பேருக்கும் சேர்த்து 5 ஜிபி தருவதாக வாக்கு. முதல் மாதம் கொல்லப்பட்ட நொடியில் ஜாவா 2.15 ஜிபி, மரியாடிபி 1.3 ஜிபி, மற்றதெல்லாம் 0.3 ஜிபி, கெர்னல் தனக்கு எடுத்தது போக மிச்சமிருந்த ரேம் அத்தோடு தீர்ந்தது. ஹீப்பும் பூலும் தம் உச்சத்தைத் தொடவே இல்லை. வாக்குறுதியால் சர்வர் சாகவில்லை. அந்த வாக்கை இரண்டு பேரும் ஒரே காலையில் கேட்டு வந்ததால் செத்தது.

அறிக்கைக் கோடையும் திறந்தோம். மாதத்தின் எல்லா பில் வரிகளையும் ஒரே வினவலில் கேட்டிருந்தார்கள். அந்த ஜாவா இணைப்பு நூலகம், தனியாகச் சொல்லாவிட்டால், பதில் முழுவதையும் நினைவகத்தில் இறக்கிவிட்டுத்தான் முதல் வரியைக் கையில் கொடுக்கும். மூன்று பேர் எடுத்தால் மூன்று முழுப் பிரதி. ஆயிரம் ஆயிரம் வரியாக வாங்கச் சொல்லி மாற்றியதில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஹீப்பை 1.5 ஜிபிக்கு இறக்கினோம், பஃபர் பூலை 768 எம்பிக்கு.

ஸ்வாப்பை மறுபடி போட்டோம், 1 ஜிபி மட்டும். இதில் தம்பிக்கு மனமில்லை. சர்வர் தொடங்கும்போது ஒரே ஒரு தடவை ஓடிவிட்டு மறுபடி தொடப்படாத பக்கங்கள் எந்தச் சர்வரிலும் உண்டு. அவை ரேமில் குந்திக்கொண்டிருப்பதைவிட வெளியே போய்விட்டால் அந்த இடம் கோப்புகளின் கேஷுக்கு ஆகும். அதுதான் ஸ்வாப்புக்குரிய வேலை. ரேமின் குறையை மறைப்பது அதன் வேலையல்ல. அளவு சின்னதாக இருந்தால், நிஜமாகவே நெருக்கடி வரும்போது சீக்கிரம் நிரம்பிவிடும். கெர்னலும் தயங்காமல் முடிவெடுக்கும். ரேமைப்போல் இரண்டு மடங்கு ஸ்வாப் என்ற பழைய சூத்திரத்தை நான் மறந்து பல வருடமாகிறது. மெகாபைட்டில் ரேம் எண்ணிய காலத்துச் சூத்திரம் அது.

ஸ்வாப்பினெஸ் என்ற அளவை 60இலிருந்து 10க்குக் குறைத்தோம். செய்ததைச் சொல்கிறேனே தவிர, அதனால்தான் சரியானது என்று சொல்ல மாட்டேன். ரேம் 60 விழுக்காடு நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்று அதற்கு ஒரு தப்பான விளக்கம் ஊரெல்லாம் சுற்றுகிறது. கோப்புப் பக்கங்களை எறிவதா, புராசஸ் எழுதிய பக்கங்களை ஸ்வாப்புக்கு அனுப்புவதா என்று கெர்னல் எடை போடும்போது எந்தப் பக்கம் எவ்வளவு சாயலாம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

மூன்றாம் மாதக் கடைசியில் ஜாவாவின் விர்ட் 4.6 ஜிபி. ரேமைவிட அப்போதும் அதிகம்தான். அறிக்கை மூன்றும் ஒரே நேரத்தில் ஓடின. ரெஸ் 1.9ஐத் தாண்டவில்லை. யாரும் போன் செய்யவில்லை.

கண்காணிப்பில் ஒரு மாற்றம் பாக்கி இருந்தது. ஸ்வாப் பயன்பாடு 20 விழுக்காட்டைத் தாண்டினால் அலற வேண்டும் என்று பழைய விதி. அதை எடுத்துவிட்டு, எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் சேர்ந்து சில நிமிடம் தொடர்ந்து ஓடினால் மட்டும் அலறும்படி வைக்கச் சொன்னேன். கூடவே, 4.20 முதல் வந்த கெர்னல்களில் நினைவகத்துக்காகப் புராசஸ்கள் காத்திருந்த நேரத்தின் விழுக்காட்டைக் காட்டும் பிரஷர் கணக்கு ஒன்று இருக்கிறது. அதையும் சேர்க்கச் சொன்னேன். தம்பி இரண்டையும் சேர்த்தார், பழைய விதியை எடுக்க மறந்துவிட்டார்.

போன வாரம் இரவு இரண்டு மணிக்கு அந்தப் பழைய விதி அலறியது. ஸ்வாப்பில் 212 எம்பி. காலையில் எழுந்து பார்த்தபோது எனக்குத் தவறிய அழைப்பு எதுவும் இல்லை. டிக்கெட் மட்டும் இருந்தது, ஏற்கெனவே மூடப்பட்டு. உள்ளே தம்பி எழுதியிருந்தார்: ‘எஸ்ஐ 0, எஸ்ஓ 0. தூங்குற பக்கம்தான் வெளியே போயிருக்கு. விதியை எடுத்துட்டேன்.’